போர்ட்ஸ்மவுத்தில் ஒரு வக்கீல்

ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தராக இருக்கும் ஈவ்லின், சேலம் கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை. இங்கிலாந்தில், போர்ட்ஸ்மவுத் என்ற கடற்கரை நகரத்தில், தங்கைக்கு வக்கீல் தேடும் வேலை அவள் தலையில் வந்து விழுந்தது.

தங்கை ஜோஸ்லின் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பணிவிடை பார்ப்பவள். ஆளைத் தூக்கும் கருவி பழுதாகிக் கிடந்ததால் ஒரு முதியவரைக் கையால் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து உட்காரவே முடியவில்லை. போனில் அழத்தான் முடிந்தது.

ஈவ்லின் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அங்குள்ள வக்கீல்களை அழைப்பாள். அங்கே அப்போதுதான் அலுவலகங்கள் திறக்கும். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் என்பதால் குடையோடு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நின்று பேசுவாள்.

லண்டனில் பாலசுப்பிரமணியம் என்றொரு வக்கீல் இருப்பதாகத் தங்கைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவரையே வைத்துக்கொள்ளலாம் என்றாள் ஜோஸ்லின்.

"நம்ம பாசையில பேசறாருங்க்கா. ஜெயிச்சாச்சுன்னே வெச்சுக்குங்கன்னு சொல்றாரு."

அந்தப் பேச்சுதான் ஈவ்லினுக்கு உறுத்தியது. அந்நாட்டு வக்கீல்களின் பதிவேடு இணையத்தில் இருந்தது. அவர் பெயரை எழுத்து மாற்றிப் போட்டெல்லாம் தேடினாள். இல்லை. கேட்டதற்கு, தாம் வக்கீல்களிடம் ஆள் அனுப்பும் ஆலோசகர் என்றார், கொஞ்சமும் கூசாமல்.

பதிவேட்டிலிருந்த மூன்று பேரிடம் பேசினாள். மூன்றாவதாகப் பேசிய பெண்மணி மட்டும்தான், தங்கை எதிலாவது கையெழுத்துப் போட்டாளா என்று கேட்டார். அதையே தங்கையிடம் கேட்டாள் ஈவ்லின்.

"இல்லீங்க்கா," என்றாள் ஜோஸ்லின். அவள் சொன்ன வேகம் ஈவ்லினுக்குச் சரியாகப் படவில்லை.

"நான் வைய மாட்டேன் கண்ணு, சொல்லு."

"வேலை போயிரும்னு நொம்ப பயந்துட்டேங்க்கா. என் கவனக்குறைவுதான்னு இல்லத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். அத யாருகிட்டயும் சொல்லாதன்னாரு அந்த லண்டன்காரரு."

ஈவ்லினுக்குக் கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. நடந்ததை அப்படியே அந்தப் பெண்மணிக்கு எழுதினாள், வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என நினைத்தபடியே. மறுநாள் பதில் வந்தது: அந்தக் கடிதத்தால் நஷ்ட ஈடு குறையும், ஆனால் கருவி பழுது என்று முன்பே புகார் செய்திருந்தால் வழக்கு நிற்கும்.

ஜோஸ்லின் இரண்டு முறை மின்னஞ்சலில் புகார் செய்திருந்தாள்.

அவரையே அமர்த்தினார்கள். பதினோரு மாதம் இழுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே இல்லம் இறங்கி வந்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஜோஸ்லினின் முதுகும் பழையபடி ஆகவில்லை. இப்போது அதே ஊரில் வேறொரு இல்லத்தில் மருந்து கொடுக்கும் பொறுப்பைப் பார்க்கிறாள்.