மூன்று முறை திருப்பி அனுப்பிய யூரின் சாம்பிள்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் லேபில் இருபத்தெட்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். நான் செய்த தவறுகளில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

வேடசந்தூர் நூல் மில்லில் வேலை பார்த்த மகேஸ்வரி, ஏழு வயது மகள் யாழினியின் யூரினை, கிருமி இருக்கிறதா என்று பிளேட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், இடது விலாவில் வலி. பிளேட்டில் மூன்று வகைக் கிருமிகள் வளர்ந்தன. உண்மையான தொற்று என்றால் பெரும்பாலும் ஒரு கிருமிதான் வளரும். மூன்று வந்தால் சாம்பிள் பிடித்த விதம் சரியில்லை என்றே எடுத்துக்கொள்வோம். 'கண்டாமினேஷன், ரிப்பீட் சாம்பிள்', அதாவது வெளிக்கிருமி கலந்திருக்கிறது, மறுபடி பிடித்துக் கொண்டுவரவும் என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது தடவையும் அப்படியே வர, கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போதே சத்தம் போட்டுவிட்டேன்.

"ஏம்மா, நல்லாக் கழுவிவிட்டுப் பிடின்னு எத்தன தடவ சொல்றது?"

மகேஸ்வரி அழுதுவிட்டார். "நல்லாத்தான் கழுவுனேன் மேடம். நீங்க சொன்னதக் கேட்டு, சுத்தமா இருக்கத் தெரியலையான்னு நேத்து புள்ளையப் போட்டு அடிச்சுப்புட்டேன். அவளுக்கு மூத்திரம் போறப்ப காத்து வருது. சொன்னா யாரு நம்புறா?"

யாழினியை நானே பாத்ரூமுக்கு அழைத்துப் போய், கழுவிவிட்டு, கப்பைப் பிடித்தேன். நடுவில் புஸ்ஸென்று காற்று பிரிந்தது. மைக்ரோஸ்கோப்பில், சீழ் செல்களுக்கு இடையே காய்கறி நார் தெரிந்தது. சாப்பிட்ட காய் யூரினில் வருவதற்கு உடம்பில் வழியே கிடையாது.

உடனே யாழினிக்கு டெஸ்ட் எழுதிக்கொடுத்த குழந்தைகள் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே சி.டி. ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. இடது கிட்னியில் பெரிய கல், சுற்றிலும் சீழ். அந்தச் சீழ் பக்கத்திலிருந்த பெருங்குடலை அரித்து ஓட்டை போட்டிருந்தது. குடலில் இருந்தது கிட்னி வழியாக யூரினில் இறங்கியிருக்கிறது. இதை ஃபிஸ்டுலா என்பார்கள். குழந்தைகளுக்கு மிக அபூர்வம். கெட்டுப்போன கிட்னியை எடுத்துவிட்டு, குடலைத் தைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து யாழினி வந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். இந்த முறை பிளேட்டில் ஒன்றும் வளரவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்து, மகேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க மேடம், நீங்கதான கண்டுபிடிச்சீங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "மொதல்லயே ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா புள்ள அடி வாங்கியிருக்க மாட்டா" என்றார்.

அன்றிலிருந்து, ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவையும் கலப்புக் கிருமி வந்தால் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவேன். எப்படிப் பிடித்தீர்கள், வேறென்ன தொந்தரவு என்று கேட்டு, அதை டாக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன். நாம் எழுதும் ஒரு வரியை நம்பி ஒரு தாய் பிள்ளையை அடிக்கவும் கூடும்.