யார் பெயரில் திறக்கும்

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. இருக்கன்குடிக்குப் போனால் அம்மனைக் கும்பிட்டபடியே செருப்பு கிடக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற ஆள் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். இதுவரை ஒரு செருப்புகூட நான் தொலைத்ததில்லை.

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. வருகைப் பதிவு, லைசென்ஸ் காகிதம், கம்ப்யூட்டர் எல்லாம் என் தலையில். கம்பெனி வாசலில் ஒரு சின்ன அறை இருக்கிறது. காலையில் வேனில் வந்து இறங்குகிறவர்கள் அங்கே செல்போனைக் கொடுத்துவிட்டு, அறை எண் போட்ட டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறை ஒவ்வொன்றுக்கும் நாலே டோக்கன். நாலு பேருக்கு மேல் ஓர் அறையில் உட்காரக் கூடாது என்பது சட்டம். யார் எந்த அறைக்குப் போனார்கள் என்பதை வாசலில் இருக்கும் அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

அந்தக் கம்ப்யூட்டர் அரதப் பழசு. புது சிஸ்டம் எதையும் அது தாங்காது என்பதால் நானே அதில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டிருந்தேன். அக்காவின் பெயரிலேயே பயனர் பெயர். பாஸ்வேர்டு பன்னிரண்டு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்தது. மூன்று தடவை தப்பாக அடித்தால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும்படி வேறு வைத்திருந்தேன். அதைச் செய்து முடித்த அன்று எனக்கு ரொம்பப் பெருமை.

மூன்று வாரம் கழித்து அக்கா ஆபீசுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எப்போதும் சேலைத் தலைப்பில் வலது கையைச் சுற்றி வைத்திருப்பார்.

“சார், கரண்டு போயிட்டு போயிட்டு வருது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாஸ்வேர்டு கேக்குது. அது இல்லாம தானாத் தொறக்குற மாதிரி வைக்க முடியுமா?”

“முடியும்க்கா. ஆனா எதுக்கு?”

“சும்மாதான் சார்.”

சும்மாதான் என்று ஒருவர் சொன்னால் அதில் சும்மா எதுவும் இருக்காது என்பது என் அனுபவம். பூட்டை எடுத்துவிடு என்று காவலுக்கு இருக்கிறவரே கேட்டால் என்ன அர்த்தம்? பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாசல் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எல்லா நாளும், எல்லா அறையிலும் அச்சடித்த மாதிரி நாலு நாலு பேர். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள் பாதிப் பேர் வராத அன்றும் நாலு. பல நாட்களில் எல்லாப் பதிவும் ஐந்தே நிமிடத்துக்குள் ஏறியிருந்தது. யாரோ உட்கார்ந்து மொத்தமாக அடித்திருக்கிறார்கள். எல்லாம் அக்காவின் பெயரில்.

எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. சொந்தக்காரப் பெண்களைக் கூடுதலாக உள்ளே அனுப்பிவிட்டுப் பொய்யாக நாலு என்று போடுகிறார், இப்போது பூட்டும் இல்லாமல் வசதியாகச் செய்யப் பார்க்கிறார் என்று நானே ஒரு கதை கட்டி, அதை நானே நம்பினேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

“கையும் களவுமாப் புடிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கே வேலையை விட்டு நிப்பாட்டிருவோம்” என்றார் அவர்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே போய் வாசலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்து ஜன்னல் வழியே கம்ப்யூட்டர் திரை தெரியும். திருடனைப் பிடிக்கப் போய் நானே திருடன் மாதிரி நின்றேன். வேன் வந்தது. பெண்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். அக்கா முதல் பத்துப் பேருக்கு டோக்கன் கொடுத்திருப்பார், கரண்டு போய் உடனே வந்தது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்து பாஸ்வேர்டு கேட்டது.

அக்கா தலைப்பிலிருந்து கையை எடுத்தார். அன்றுதான் அந்தக் கையை முழுதாகப் பார்த்தேன். மூன்று விரல்கள் தீயில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். தப்பு. மறுபடி அடித்தார். தப்பு. மூன்றாவதும் தப்பு. நான் வைத்த பூட்டு விழுந்தது.

அந்த நேரத்தில் அறைகளை மேற்பார்வை பார்க்கிற போர்மேன் வந்தார். “எம்புட்டு நேரம் நிப்பாக? எல்லாரும் உள்ள போங்கம்மா, நான் எழுதிக்கிடுறேன்” என்று ஆணியில் தொங்கிய டோக்கன்களை அள்ளிக் கொடுத்தார், அது தீர்ந்ததும் மிச்சப் பேரை டோக்கன் இல்லாமலே உள்ளே விட்டார். அக்கா குறுக்கே வந்து ஏதோ சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அக்காவை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்காமலேயே பாஸ்வேர்டை அடித்தார். நாலு, நாலு, நாலு என்று ஏற்றிவிட்டு எழுந்து போனார்.

நான் நேரே உள்ளே ஓடினேன். முதல் மூன்று அறைகளில் நாலு நாலு பேர்தான். நான்காவது அறையில் ஆறு பேர், முழங்கால் இடிக்க, நடுவில் மருந்துத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “மெதுவா எந்திரிங்க. ரெண்டு பேரு வெளிய வாங்க” என்றேன். அவர்கள் வெளியே வரும் வரை வாசற்படியிலேயே நின்றேன்.

வாசலுக்குத் திரும்பி வந்து அக்காவிடம் கேட்டேன்: “அவருக்கு எப்பிடிக்கா உங்க பாஸ்வேர்டு தெரியும்?”

“எனக்கு அடிக்க வரலைன்னு மொத வாரமே அவருகிட்ட அடிச்சுத் தரச் சொன்னேன் சார். அதுலருந்து அவருக்கு மனப்பாடம்.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“நீக ஏற்கனவே எம்மேல ஒரு கண்ணு வச்சிருக்கீக. சொன்னா நம்புவீகளா?”

நம்பியிருக்க மாட்டேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. “எந்தங்கச்சியும் நானும் வேற கம்பெனியில ஒரே ரூம்புல இருந்தோம். அவ அஞ்சாவது ஆளு. தீப்புடிச்சு எனக்குக் கை போச்சு, அவ உசுரே போச்சு. நோட்டுல நாலு பேருதான் இருக்கு, அப்பிடி ஒரு பிள்ளை உள்ள வரவே இல்லைன்னுட்டாக. எம் பேர்ல பொய் எழுதுறதை நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா சார்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் நுழையக் கூடாது என்று நான் வைத்த பாஸ்வேர்டுதான் அவரை வெளியே தள்ளிவிட்டு வேறொருவரை உள்ளே உட்கார வைத்திருந்தது. அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு, அக்கா மேல் குற்றம் இல்லை, ஆறு பேரை உட்கார வைத்தது போர்மேன் என்றேன். அவர், “சரி, நான் அவரைப் பாத்துக்கிடுறேன்” என்றார். தீபாவளி சீசன் நேரத்தில் முதலாளி சொல்கிற ‘சரி’யை நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

தானாகத் திறக்க வைப்பது சின்ன வேலை. உள்நுழைவுக்கான கோப்பில் அதற்கென்று ஒரு வரி, முன்னால் # குறி போட்டபடி செயலற்றுக் கிடக்கும். குறியை எடுத்துவிட்டு, சமக்குறிக்குப் பக்கத்தில் பயனர் பெயரை எழுதினால் போதும். நான் அவசரத்தில் வேறொரு தலைப்புக்குக் கீழே எழுதித் தொலைத்ததால் முதல் தடவை பாஸ்வேர்டே கேட்டது. கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, இடம் மாற்றி எழுதி, பாதியில் திரை பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டையும் நிறுத்தினேன்.

பெயர் எழுதும் முன் ஒரு தடவை கேட்டேன். “யார் பேர்லக்கா திறக்கணும்? நாளைக்கு ஒண்ணுன்னா போலீஸ் இந்தப் பேரைத்தான் தேடி வரும். வேணும்னா என் பேரைப் போடுறேன்.”

“எம் பேர்லயே தொறக்கட்டும். ஆனா நான் எந்திரிச்சுப் போன நேரம் வேற ஆள் உக்காந்து எழுதிட்டா?”

இத்தனை சந்தேகப்படுகிற எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று மதியமே சிவகாசி பஜாருக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். அக்கா எழுந்து போகும்போதெல்லாம் அறையைப் பூட்டிக்கொண்டு போகட்டும் என்று பூட்டையும் ஒரு சாவியையும் அவரிடம் நீட்டினேன்.

அவர் இடது கையால் சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தார், பூட்டிப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

“பூட்டோட எத்தனை சாவி வந்துச்சு சார்?”

இரண்டு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு பையில் கைவிட்டு மற்ற இரண்டையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அக்கா மூன்றையும் எண்ணிப் பார்த்துத்தான் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.