யப்பான் வகுப்பின் மொனிற்றர்

பத்து வயதில் எனக்கு இருபத்திரண்டு பேர் பயந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது. ஒருவருக்குக் கலியாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது. அவர்கள் எனக்குப் பயந்தார்கள் என்பதில் அந்த வயதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

அம்மாவின் கடைசித் தங்கையான என் சின்னம்மா யப்பானில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து, நாவற்குடாவில் யப்பான் மொழி வகுப்புத் தொடங்கியிருந்தார். தனியாகக் கட்டடம் கிடையாது. காலையில் முன்பள்ளி நடக்கும் மண்டபம் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு சின்னம்மாவின் கைக்கு வரும். ஆகவே கடல் கடந்து போய் உழைக்க ஆயத்தமான அண்ணன்மாரும் அக்காமாரும் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த பச்சை, மஞ்சள் வாங்குகளில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சுவர் முழுக்க முயலும் மயிலும் வரைந்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் தாதி. அவருக்குப் பின்னேரக் கடமை வரும் நாட்களில் என்னைப் பார்க்க ஆளில்லாமல் சின்னம்மா ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மூலையில் இருந்து வீட்டுப்பாடம் செய்ய வேண்டும், வாய் திறக்கக் கூடாது. எனக்கு இட்ட கட்டளை அவ்வளவுதான்.

வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளை வகுப்பில் மற்றவர்களுக்கும் இருந்தது. அதை மதித்த ஒரே ஆள் நான்.

அவர்களைக் குழப்படிக்காரர் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை, ஆளையாள் நக்கலடிக்கவில்லை, சின்னம்மாவைக் கண்டால் எழும்பி யப்பான் முறைப்படி இடுப்பை வளைத்து வணங்கினார்கள். அவர்களிடம் இருந்தது ஒரேயொரு குறை. சின்னம்மா ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்டால், அவர் இரண்டு விநாடி திணறுவதை மற்றவர்களால் தாங்க முடியாது. உடனே நாலா பக்கத்திலும் இருந்து விடை வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலிருந்தே எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் பழகியவர்கள். ஒருவர் முழித்துக்கொண்டு நிற்கும்போது தெரிந்த விடையை வாய்க்குள் வைத்திருப்பது அவர்களுக்குப் பெரிய கல்நெஞ்சக்காரத்தனமாகத் தெரிந்தது.

அந்த உதவியை அதிகம் பெற்றவர் தவம் அண்ணன். வாவியில் வலை வீசுகிறவர். உயரமான ஆள், வகுப்பில் வயதிலும் மூத்தவர். அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டால் அது உள்ளே போய், அங்கே ஆறுதலாக இருந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விடையாகத் திரும்பி வரும். அவ்வளவு நேரம் கொடுக்க வகுப்பில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இதனால் வந்த வினை சின்னதல்ல. யப்பானில் முதியோர் இல்லம் ஒன்றை நடத்தும் அம்மா ஒருவர் ஆள் எடுக்க வந்தார். வெள்ளை முடி, சின்ன உருவம். தவம் அண்ணனை எழுப்பி யப்பான் மொழியில் அவருடைய பெயர் என்ன என்று கேட்டார். இருபத்தொரு பேர் சேர்ந்து அவருடைய பெயரைச் சொன்னார்கள்.

அந்த அம்மா ஒருவரையும் எடுக்கவில்லை. எவருக்குத் தெரியும், எவருக்குத் தெரியாது என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சின்னம்மாவிடம் பணிவாகச் சொன்னார். கொழும்பில் தனக்கு இன்னும் வேலை இருப்பதாகவும், ஆறு கிழமை கழித்துப் போகும்போது இன்னொரு தரம் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அதற்கு அடுத்த மாதம் தவம் அண்ணனுக்கு முப்பது வயது முடிகிறது. முப்பதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவருக்கு இருந்தது அந்த ஒரு தருணம் மட்டும்தான்.

அன்று சின்னம்மாவுக்கு வந்த கோபத்தைப் போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் உங்களுக்கு என்ன சொன்னனான்? ஒராளக் கேட்டா அந்த ஆள் மட்டும்தான் சொல்ற எண்டு சொன்னனா இல்லையா?"

ஓட்டமாவடியிலிருந்து பஸ் ஏறி வரும் றியாஸ் நானாதான் எழும்பினார். வகுப்பில் கெட்டிக்காரர் அவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஓம் ரீச்சர். ஆனா மனிசன் வேர்த்து விறுவிறுத்துப்போய் நிண்டார். பார்க்க ஏலாமப் போயித்து."

மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, பாவம் ரீச்சர் என்றார்கள். அதையும் ஒரே குரலில்தான் சொன்னார்கள்.

சின்னம்மா எல்லா வழியும் பார்த்தார். சத்தம் அடங்கும்வரை யப்பான் ஆசிரியர்களைப் போல ஒன்றும் பேசாமல் கைகட்டி நின்றார். அவர் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு அடங்கினார்கள், அடுத்த கேள்விக்குப் பழையபடி தொடங்கினார்கள். வாங்குகளைப் பிரித்துப் போட்டார். தூரம் கூடினபடியால் குரலும் கூடியது. சொல்லிக்கொடுத்தவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் நூறு தரம் எழுத வேண்டும் என்றார். எல்லோருக்கும் கையெழுத்து அழகாக வந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மூலையில் இருந்து நான் வாய் திறந்தேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பின் மொனிற்றர்.

"எங்கட ஸ்கூல்ல எண்டா கதைக்கிறவங்கட பேரை பிளாக்போட்டில எழுதுவம் சின்னம்மா."

"அப்ப நீயே எழுதகா" என்று சின்னம்மா வெண்கட்டியை என்னிடம் நீட்டினார். அவர் பகிடிக்குச் சொன்னது எல்லோருக்கும் விளங்கியது. எனக்கு மட்டும் விளங்கவில்லை. நான் போய்க் கரும்பலகையின் ஓரத்தில் 'கதைத்தவர்கள்' என்று எழுதி, அடியில் கோடும் இழுத்து, வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

முதல் நாளே பதினான்கு பேர் அகப்பட்டார்கள். பெயர் விழுந்தால் பத்து நிமிடம் முயல் வரைந்த சுவரோடு நிற்க வேண்டும். இருப்பவர்களைவிட நிற்பவர்கள் கூடிப்போனார்கள். அவர்களுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. சிரித்துக்கொண்டே போய் நின்றார்கள், அங்கே நின்றுகொண்டும் சொல்லிக்கொடுத்தார்கள். றியாஸ் நானா எனக்கு ஊரிலிருந்து மஸ்கற் என்கிற இனிப்புக் கொண்டுவந்து தந்தார். அதை முழுக்கச் சாப்பிட்டுக் கையைத் துடைத்துவிட்டு அவருடைய பெயரை முதலாவதாக எழுதினேன். அதிகாரம் எவ்வளவு இனிப்பானது என்று அன்று கண்டுகொண்டேன். இருமிச் சொல்லிக்கொடுத்தவர், பேனாவால் மேசையில் தட்டிக் காட்டியவர், விரலை மடக்கிக் காட்டிய அக்கா என்று ஒருவரையும் விடவில்லை. ஆனாலும் வகுப்பு திருந்தவில்லை. ஆறு கிழமையில் மூன்று அப்படியே போய்விட்டது.

நான்காம் கிழமை ஒரு நாள் சின்னம்மா தவம் அண்ணனை எழுப்பி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் வெண்கட்டியை உயர்த்திப் பிடித்தேன். எப்படியோ ஒருவரும் மூச்சு விடவில்லை. தவம் அண்ணன் நின்றார். அவர் கண்கள் சின்னம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. திடீரென்று "ஐந்து பேர்" என்று யப்பான் மொழியில் சரியாகச் சொல்லிவிட்டார். வகுப்புக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் கரும்பலகையோடு பக்கவாட்டில் நின்றேன், சின்னம்மாவின் உதடுகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. சத்தம் வராமல் அந்தச் சொல்லை உதட்டாலேயே அவர் காட்டிக்கொடுத்திருந்தார்.

நான் திரும்பி, 'கதைத்தவர்கள்' என்பதற்குக் கீழே 'ரீச்சர்' என்று எழுதினேன்.

எவரோ சிரிக்கத் தொடங்கி இடையில் நிறுத்திக்கொண்டார்கள். சின்னம்மா பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போனபிறகு என்ன நடக்கும் என்பதை ஒரு நொடியில் யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் அழிக்கவில்லை.

"நீங்க வாயால காட்டினீங்க" என்றேன். "நான் கண்டனான்."

சின்னம்மா புத்தகத்தை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாங்குகளுக்கு நடுவால் நடந்து போய், முயலுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றார்.

தவம் அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது போலிருந்தது. "ரீச்சர், நீங்க இரிங்க ரீச்சர். பிழை என்னிலதானே" என்றார். சின்னம்மா பேசவில்லை. பேசினால் இன்னொரு தரம் பெயர் விழும் என்று நான் நினைத்துக்கொண்டேன். முன்னால் ஆசிரியர் இல்லாத வகுப்பு பத்து நிமிடம் அப்படியே இருந்தது. ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. றியாஸ் நானா குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் முடிய சின்னம்மா வந்து புத்தகத்தை எடுத்தார்.

"தவம், மறுகா கேக்கிறன். உங்கட அப்பா என்ன செய்றார்?"

யப்பான் மொழியில் அவருக்கு விடை வரவில்லை. வகுப்பு முடியும்வரை வரவேயில்லை. ஆனால் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் வந்தவுடன், வணக்கம்கூடச் சொல்லாமல், வாசலில் நின்றே அந்தக் கேள்விக்கு விடை சொன்னார். சின்னம்மா கைதட்டினார், நாங்கள் எல்லோரும் தட்டினோம். அதற்குப் பிறகு என் பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கியது. ஆறாம் கிழமை தலைப்பும் கோடும் மட்டும்தான் மிஞ்சின. ஒரு வகுப்பையே அடக்கிவிட்டேன் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். ஆசிரியருக்கே தண்டனை கொடுத்ததைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

யப்பான் அம்மா வரும் நாள் வந்தது. சின்னம்மா என்னை வாசலிலேயே மறித்துவிட்டார்.

"இண்டைக்கு நீ உள்ளுக்கு வரப்படா. வெளியால இரு."

"அப்ப ஆர் பேர் எழுதுற?"

"ஒருத்தரும் எழுதத் தேவையில்ல."

சின்னம்மா முட்டாள்தனம் பண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது. நான் இல்லாவிட்டால் இவர்கள் பழையபடி சேர்ந்து பாடுவார்கள், தவம் அண்ணன் வாவியிலேயே கிடப்பார். பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். அங்கே கிடந்த பெயின்ற் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் வெண்கட்டியை உயர்த்தினேன். எண்ணெய் வைத்து வாரிய தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு அங்கால் யப்பான் அம்மாவும் சின்னம்மாவும் இருந்தார்கள்.

சில பேரைக் கேட்டபிறகு அந்த அம்மா தவம் அண்ணனை எழுப்பினார். அதற்குள் எனக்கும் பாதி யப்பான் விளங்கும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா, அவர்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார்.

தவம் அண்ணன் வாய் திறக்கவில்லை. அவருடைய சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கியது. நான் வெண்கட்டியை இன்னும் உயர்த்தினேன், கை நோக நோக உயர்த்தினேன். எனக்கே விடை தெரியும், என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. றியாஸ் நானாவின் தோள் ஒரு தரம் அசைந்து, பிறகு அடங்கியது. சின்னம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். யப்பான் அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். ஆட்டோ ஒன்று றோட்டால் வந்து, திரும்பி, போயும் விட்டது.

பிறகு தவம் அண்ணன் சொன்னார். அப்பா இருக்கிறார், அவருக்குக் கண் தெரியாது. விடிய எழும்பி நான் அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாட்டை வாயில் தீத்திவிட்டுத்தான் மீன் பிடிக்கப் போவேன். அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். மூன்று வசனமும் நிமிர்ந்து நின்றன, ஒரு பிழையும் இல்லை.

அந்த அம்மா எழும்பி அவரை வணங்கினார். ஒருவர் யோசிக்கும்போது மற்றவர்கள் பொறுத்திருக்கிற வகுப்பைத் தான் இங்கேதான் கண்டதாகவும், தன்னுடைய இல்லத்தில் உள்ளவர்களுக்கு அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் வேண்டும் என்றும் சொன்னார். அன்று ஆறு பேரை எடுத்தார். முதல் பெயர் தவம் அண்ணனுடையது. உள்ளே எழுந்த கூச்சலில் முன்பள்ளித் தகரக் கூரையே அதிர்ந்தது. நான் வாளியிலிருந்து குதித்து மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றி ஓடினேன். வென்றது நான்தான் என்பதில் எனக்கு ஒரு துளி ஐமிச்சமும் இருக்கவில்லை.

போன வருடம் தவம் அண்ணன் லீவில் வந்து எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். இப்போது அவர் அந்த இல்லத்தில் பொறுப்பான ஆள். நான் பழைய பெருமையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் மட்டும் யன்னலில் வெண்கட்டியோடு நின்றிராவிட்டால் எல்லோரும் வாயைத் திறந்திருப்பார்கள் என்றேன்.

"எந்த யன்னல் புள்ள?"

"பின்பக்க யன்னல் அண்ணன்."

அவர் வழக்கம்போல யோசித்தார். நான் பேசாமல் இருந்தேன்.

"நாங்க முன்னுக்கெல்லோ பார்த்துக்கொண்டு இருந்த" என்றார் கடைசியில். "நீ அண்டைக்கு வந்த எண்டே எங்களுக்குத் தெரியாது."

உண்மைதான். வாளியின் மேல் நின்ற அவ்வளவு நேரமும் நான் கண்டது இருபத்திரண்டு பிடரிகளைத்தான். திரும்பிப் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. பத்து வயதில் அது எனக்கு உறைக்கவேயில்லை. பெயர் எழுத ஒருவரும் இல்லாத வகுப்பில், அன்று அவர்கள் தாங்களாகவே தவம் அண்ணனுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.