முன்கதை முதலா, முதல் பாகம் முதலா?

என் வீட்டுக்காரர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். இருபத்திரண்டு வருடமாகத் தள்ளுவண்டியை உருட்டிப்போய், திரும்பி வந்த புத்தகங்களை அதனதன் இடத்தில் செருகுகிறார். சம்பளத்துக்கு அவ்வளவுதான். சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. தொடர்நாவல் அலமாரிப் பக்கம் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும், இவர் ஆஜர். எதை முதலில் படிப்பது, முன்கதையை எங்கே நுழைப்பது, கிளைக்கதையை விட்டால் குடி முழுகிவிடுமா, எல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார். அங்கே இவருக்கு 'வரிசை' என்றே பேர். சட்டைப் பொத்தானை மட்டும் இன்றுவரை வரிசையாகப் போடத் தெரியாது.

இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவர். சாப்பிடும்போது இவர் தனக்குப் பிடித்த துப்பறியும் தொடரைப் பற்றி ஆரம்பிப்பார். கப்பலுக்குத் தீ வைத்தது யார் என்கிற இடம் வந்ததும் அண்ணி காதைப் பொத்திக்கொள்வார்.

"சொல்லாதடா. வேலையை விட்டதும் நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

வேலையை விட்டார். விட வைத்தது கண். "இன்னும் அஞ்சு மாசம் படிக்கலாம். அதுக்கப்புறம் எழுத்து தெரியாது" என்று கண் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். வெளியே வந்ததும் அண்ணி கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கப்பல் புத்தகத்தை எடுத்துட்டு வாடா."

மொத்தம் பதினான்கு. ஒன்பது பாகம், பல வருடம் கழித்து அதே ஆசிரியர் எழுதிய மூன்று முன்கதை, இரண்டு கிளைக்கதை. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றாலும் பத்துதான் தேறும். எந்தப் பத்து? ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்கு, கூடப் பிறந்தவள் என்றதும் ஒன்றும் ஓடவில்லை. பட்டியல் போடுவார், கிழிப்பார். இப்படியே மூன்று வாரம் போனது.

"நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்" என்றேன்.

"தானே படிக்கணுமாம். கேட்டுப் பார்த்துட்டேன்."

"அப்ப முதல் பாகத்தைக் குடுத்துட்டு வாங்க. அவங்க பாட்டுக்குப் படிக்கட்டும்."

"முன்கதையில வர்ற மாலுமியோட சின்ன வயசு தெரியாம ஒன்பதாவதைப் படிச்சா அழுகையே வராது. உனக்குப் புரியாது."

"அவங்க கண்ணுக்கு இப்ப அழுகை ஒண்ணுதான் குறைச்சல்!"

கடைசியில், புதுப் பதிப்பின் முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்தார். அதில் முன்கதைகள்தான் ஒன்று, இரண்டு, மூன்று. 'முன்' என்று பேரிலேயே இருக்கிறதே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு அவற்றைக் கொடுத்தார். நூலகத்தில் ஒருவருக்குக்கூட அப்படி எழுதிக் கொடுத்தவர் இல்லை. பயந்துபோன மனுஷன் அச்சில் இருப்பதைத்தான் நம்புவான், வேறென்ன.

இரண்டு வாரம் என்று போட்ட கணக்கு ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலு வாரமாக நீண்டது. மூன்றாவதை அண்ணி முடித்த அன்று நாங்கள் அங்கே இருந்தோம்.

"ஏன்டா, தீ வெச்சது மாலுமியோட மச்சானா?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது பாகத்தையும் முடித்த பிறகு அந்த முன்கதையைப் படித்தவர் இவர். ஏற்கனவே தெரிந்த விஷயம் என்பதால், கடைசிப் பக்கத்தில் அது வந்தபோது ரகசியம் என்றே இவருக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் இதைச் செய்திருக்கிறது.

"இதுதானா நீ சொல்ல வந்தது? இத்தனை வருஷமா?"

பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லித் தொலையட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

"ஆமாக்கா" என்றார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டார்.

"படிக்கப் படிக்க நெத்தி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா. யாருன்னு தெரிஞ்சு போச்சுல்ல? அப்ப மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லையே?"

மிச்சம் என்று அவர் சொன்னது ஒன்பது பாகத்தையும். டாக்டர் சொன்ன கணக்குக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. முதல் பாகம் இவர் பையில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டித் தீர்க்க வேண்டும் என்றிருந்த நான், இவர் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டேன்.

"வேண்டாம்க்கா" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்டா" என்று அண்ணி அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.