மாதாவுக்குப் பின்னால் ஏற்றிய கிடாரங்கள்

ட்ரெய்லர் இழுத்துப் போகும் காரைக் கண்டால் இன்றும் அதன் வாலைத்தான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் தேவாலயப் பங்கின் மாதா திருநாள் யாத்திரைக்குச் சொரூபத்தையும் சமையல் சாமான்களையும் கொண்டுபோகும் பொறுப்பை என் கணவர் தானாகவே கேட்டு வாங்கினார். எங்களுடையதோ லொறி போலத் தனிச் சட்டத்தின் மேல் கட்டிய வாகனமல்ல. சட்டமும் உடலும் ஒரே தகட்டுக் கூடாகச் செய்த குடும்பக் கார். அதோடு ட்ரெய்லரை இணைக்கவென்று பாரம் பிரிக்கும் கொளுவி ஒன்றை அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தார். அதன் இரும்புக் கம்பிகளை இறுக்கினால், காரின் பின்பக்கத்தை அழுத்தும் பாரத்தில் ஒரு பகுதி முன்சில்லுகளுக்குப் போகுமாம்.

"இந்தக் கார் அதைத் தாங்குமோ?" என்று கேட்டேன்.

"நீ சும்மா பயந்து சாகாதை."

பயம் எனக்கு, தைரியம் அவருக்கு என்று எங்கள் வீட்டில் எப்போதோ பங்கு பிரித்தாகிவிட்டது.

நாங்கள் குடியிருக்கும் ஸ்ட்ரெதமில் கோயில் வாசலில் சனம் கூடி நின்று ஏற்றியது. மாதா முதலில் ஏறி, ட்ரெய்லரின் முன்பக்கம் நின்றார். பாரமில்லாத பைபர் சொரூபம், என் மகளின் உயரம். அவருக்கு முன்னால் கறி காய்ச்சும் பெரிய கிடாரத்தை வைக்க யாருக்கு மனம் வரும்? அரிசி மூட்டை, கிடாரங்கள், அடுப்பு எல்லாம் வால் பக்கம் போயின. ஆனாலும் காரின் பின்பக்கம் கொஞ்சமும் பதியவில்லை.

"பார்த்தியே, கம்பி வேலை செய்யுது" என்றார்.

நெடுஞ்சாலை இறக்கத்தில் ஒரு பெரிய லொறி எங்களை முந்தியது. ட்ரெய்லர் ஒருமுறை ஆடியது. பிறகு ஆட்டம் நிற்கவேயில்லை. காரின் வாலைப் பிடித்து யாரோ உலுப்புவது போலிருந்தது. காலடியில் தகடு கிறீச்சிட்டது. பின் இருக்கையில் மகள் "அம்மா!" என்று கத்தினாள். எனக்கு மாதா நினைவே வரவில்லை. பிள்ளை போகப்போகிறாள் என்ற எண்ணம் மட்டும்தான்.

"பிரேக் பிடிக்காதேங்கோ! ஆக்சிலேட்டரில இருந்து காலை எடுங்கோ!" என்று கத்தினேன்.

பயத்தில் நான் பார்த்துத் தள்ளிய ட்ரெய்லர் விபத்து வீடியோக்கள் அன்று உதவின. கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, வீதியோர ஒதுக்கிடத்தில் நின்றது.

கம்பிகளைக் கழற்றிக் கொளுவியை விடுவித்ததும் ட்ரெய்லரின் மூக்கு தானாக மேலே கிளம்பியது. அவ்வளவு பாரமும் வாலில். கம்பி பிரித்துக் கொடுக்க முன்னால் பாரமே இருக்கவில்லை. காரின் அடியில், கொளுவி பூட்டிய இடத்தில் தகடு நெளிந்து பெயின்ட் வெடித்திருந்தது.

பின்னால் வந்த பங்கின் வான் வண்டியில் கிடாரங்களும் அரிசியும் ஏறின. ட்ரெய்லரை அங்கேயே விட்டோம். வண்டியில் இடமில்லாததால் மாதாவை எங்கள் பின் இருக்கையில் சாய்த்து பெல்ட் போட்டோம். மகளின் பெல்டை என் கணவர் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்தது" என்றார்.

"ட்ரெய்லர் ஆடேக்கையோ?"

"இல்லை. சாமான் ஏத்தேக்கையே. பாரம் பிழை எண்டு தெரியும். மாதாவுக்கு முன்னால கிடாரத்தை வையுங்கோ எண்டு சனத்துக்கு நடுவில சொல்ல ஏலாமப் போச்சு."

எனக்குக் கோபம் கூட வரவில்லை. ட்ரெய்லர் ஆடியபோது வந்ததை விடப் பெரிய பயம் வந்தது. முன் கதவை அவர் திறந்து பிடித்தார். நான் ஏறவில்லை. பின்னால் போய், மாதாவைச் சற்று நகர்த்திவிட்டு, மகளை அணைத்தபடி உட்கார்ந்துகொண்டேன்.