மேட்டில் நிறுத்திய கொட்டகை

1. கொள்ளு

இரண்டாவது கன்றுக்குட்டியும் செத்துப் போன அன்று காலை, ராஜு மேஸ்திரி என் எதிரில் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். குதிரைகளுக்கும் கன்றுகளுக்கும் வேக வைத்த கொள்ளு.

"தின்னு எஸ்தரு."

நான் சட்டியைப் பார்த்தேன்.

"இன்னா முழிக்கிற? நீ கலந்து வெச்சதுதானே? குதிரைக்கு ஆவுறது உனக்கு ஆவாதா?"

குதிரைக்காரர் காதர் பாய் பக்கத்தில்தான் நின்றார். "அரே மேஸ்திரி, பொம்பளைய போய் எதுக்கு பேஜார் பண்றே" என்றார். ஆனால் சட்டியை எடுக்கவில்லை. அவருக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு கை அள்ளித் தின்றேன். மதியம் வரைக்கும் மூன்று பேர் மாறி மாறி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால் இல்லை. "கொள்ளுல இல்லன்னா வேற எதுலயோ வெச்சிருக்கா" என்று மேஸ்திரி சொன்னது காதில் விழுந்தது.

விஷம் வைத்ததாக என்மேல் ஏன் சந்தேகம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்தது ஆம்பூர் பக்கம் பாலாற்றை ஒட்டிய ஒரு நிலத்தில். சாகிபு ஒருவருக்குச் சொந்தமானது. அவருக்குத் தோல் வியாபாரம். என் வீட்டுக்காரருக்கு வேறொரு முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் சீவுகிற வேலை. செத்த மாட்டின் தோல் எங்கே போகும்? பொண்டாட்டி மாட்டுக்கிட்ட, புருஷன் தோலுக்கிட்ட. இவ்வளவு போதாதா?

2. சறுக்குக் கொட்டகை

மாடு வளர்க்கும் பால் சங்கத்துப் பெண்கள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொட்டகை ஒரே இடத்தில் நிற்காது. சாகிபு பெங்களூர் பக்கம் பட்டாளத்துக் குதிரைகளை அப்படிக் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து செய்யச் சொன்னது. அடியில் இரண்டு நீளமான சறுக்குக் கட்டைகள். முனையில் இரும்புப் பட்டை. அதன்மேல் மூங்கில் சட்டம், பனையோலைக் கூரை, மூன்று பக்கம் தட்டி, ஒரு பக்கம் திறப்பு. தரை கிடையாது, மண்தான் தரை. உள்ளே குறுக்கே ஒரு கம்பு. ஒரு பாதியில் இரண்டு குதிரை, இன்னொரு பாதியில் கன்றுகள். எட்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு ஜோடி எருது பூட்டி இழுத்து வேறு இடத்தில் நிறுத்துவோம். பழைய இடத்தில் சாணமும் மூத்திரமும் ஊறிய மண் பயிருக்கு ஆகும். கால்நடைக்கும் குளம்பு அழுகாது. நிறுத்தியவுடன் நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். முதுகு காற்றுக்கு, திறப்பு மறைவுக்கு. ஐப்பசியில் வாடைக்கு முதுகு காட்ட வேண்டும்.

கொள்ளு கலந்து வைப்பது, சாணம் வாருவது, சாம்பல் தூவுவது, தட்டி கட்டுவது என் வேலை. அடுத்து எங்கே நிறுத்தலாம் என்று பார்த்து வைப்பதும் நான்தான். பகல் முழுவதும் அந்த நிலத்தில் கிடப்பவள் நான்தானே.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. நிலமெல்லாம் சேறு. கால்நடை நக்குவதற்கு உப்புக்கட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டே நாளில் கரைந்து போனது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு மேடு. தண்ணீர் நிற்கவில்லை. புல் ஒன்று முளைக்கவில்லை. மண் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, கெட்டியாக இருந்தது. "அங்க இழுத்துடலாம் மேஸ்திரி" என்று சொன்னேன். இழுத்தார்கள்.

மறுநாள் சாகிபு குடை பிடித்துக்கொண்டு வந்தார். "பலே! காய்ஞ்ச எடமா பாத்து வெச்சிருக்கீங்களே" என்றார்.

"நான்தான் சாப் பாத்து சொன்னேன்" என்றார் மேஸ்திரி.

நான் வாய் திறக்கவில்லை. எப்போது திறந்தேன்! எட்டு நாள் ஆகியும், காய்ந்த இடம் என்று அங்கேயே விட்டுவைத்தார்கள். அதற்குள் முதல் கன்றுக்குக் கழிச்சல் கண்டு செத்தது. பிறகு இரண்டாவது. அப்புறம் சாகிபு வீட்டுக் கல்யாணங்களுக்கு அலங்காரம் பண்ணி அழைத்துப் போகும் வெள்ளைக் குதிரை வயிற்று வலியில் படுத்துவிட்டது. "இது போச்சுன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்க வேண்டியதுதான்" என்று மேஸ்திரி எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

3. தூக்குச்சட்டி

சந்தேகம் அம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டிக்கொண்டது. காதர் பாய் வெல்லத்தில் உருட்டிக் குதிரைக்குக் கொடுக்கும் மருந்து உருண்டையில் என்ன இருக்கிறது? மேஸ்திரி ஏன் இரண்டு கன்று செத்தபோதும் முதல் ஆளாக வந்து நின்றார்? இப்படியே யோசித்து யோசித்து, மதியம் என் வீட்டுக்காரர் கூழ் கொண்டுவந்தபோது, தூக்குச்சட்டியை வாங்கி முதலில் மோந்து பார்த்தேன்.

அவர் பார்த்துவிட்டார்.

"நீயுமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கொட்டகைக்குள் போய்க் குனிந்தார். மூலை முளைக்குப் பக்கத்தில் ஒரு குழி. குளம்பு பட்ட குழி இல்லை. உள்ளங்கையால் தடவிவிட்ட மாதிரி வழுவழு என்று இருந்தது. தினமும் சாணம் வாரும் நான் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"நாக்கு போட்டு நக்கிக் கீதுங்க" என்றார். குச்சியால் கிளறினார். மண்ணோடு மயிர் வந்தது, கொத்தாக. "இங்க எப்பவோ தோல் அடுக்கிக் கீறாங்க எஸ்தரு. வடக்கேருந்து வர்ற காய்ஞ்ச தோலு. பூச்சி அரிக்காம பாஷாணத் தண்ணில முக்கித்தான் அனுப்புவாங்க. அதும் உப்பும் மண்ணுல ஊறிக் கீது. உப்புக்கு நக்குதுங்க."

"சாகிபுகிட்ட சொல்லட்டா?"

"சொன்னா, பாஷாணம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் நம்ம ரெண்டு பேரும் உள்ள." சட்டியை எடுத்துக்கொண்டார். "சொல்லாட்டி குதிரை போயிடும். நீயே பாத்துக்க."

4. தட்டிக்குப் பின்னால்

சாயங்காலம் சாகிபு குதிரையைப் பார்க்க வந்தார். மேஸ்திரி, காதர் பாய் இருவரும் கூட இருந்தார்கள். எனக்கு ஆண்கள் முகம் பார்த்துப் பேச வராது. தட்டிக்குப் பின்னால் நின்றபடியே, "மண்ணுலதான் விஷம் கீது சாப்" என்றேன்.

"யாரு பேசுறது? தட்டியா?" என்றார் சாகிபு.

நான் வெளியே வரவில்லை. அங்கிருந்தே மயிரைப் பற்றியும் குழியைப் பற்றியும் பாஷாணத் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்."

"பாத்தீங்களா சாப்!" என்று மேஸ்திரி குதித்தார். "எந்த விஷம்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குது!"

ஆனாலும் சொன்னேன். "கொட்டாய அந்தாண்ட இழுங்க. கன்னுங்கள அவுத்து விடுங்க. நான் கிட்ட வரல. அதுங்க எங்க போகுதுன்னு நீங்களே பாருங்க."

சாகிபு மேஸ்திரியைக் கையமர்த்தினார். பிறகு எருது பூட்டச் சொன்னார். குதிரையைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். கொட்டகை கீழே இறங்கியது. மேட்டில் வெறும் மண். மிச்சமிருந்த மூன்று கன்றுகளை அவிழ்த்து விட்டார்கள். சுற்றிலும் மழைக்கு முளைத்த பச்சைப் புல். மூன்றும் புல்லைத் தாண்டிப் போய், முளை அடித்த இடத்தில் நாக்கை நீட்டின.

"அரே, புடி, புடி!" என்று காதர் பாய் ஓடினார்.

சாகிபு தன் கைத்தடியால் அந்த இடத்தைக் குத்தினார். மயிர் வந்தது. அதை விரலால் பிரித்துப் பார்த்தார். "எங்க அப்பா காலத்துல இங்கதான் தோல் கொடோன் இருந்துச்சு. நான் சின்னப் பையன். கிட்ட போனாலே அடிப்பாங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, "இந்த எடத்த பொறுக்கினது யாரு?" என்று கேட்டார்.

மேஸ்திரி எருதை அவிழ்க்கக் குனிந்தார்.

"நீதானே ராஜு? அன்னைக்கு நீதானே சொன்னே?"

மேஸ்திரி தட்டிப் பக்கம் பார்த்தார். நான் கீழே இறங்கிய கொட்டகையின் தட்டிக்குப் பின்னால் இருந்தேன். அவர் என்னைக் கை காட்டியிருக்கலாம். காட்டினால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகும்.

"ஆமா சாப்" என்றார்.

அன்று அவர் வாங்கிய திட்டு இங்கே எழுத முடியாது.

வெள்ளைக் குதிரை பிழைத்தது. மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மேஸ்திரி அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. கன்று செத்ததிலிருந்து தினமும் என் கூடையைச் சோதித்து வந்ததையும் அவர் விடவில்லை. நான் காட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் கொள்ளுச் சட்டி வைத்ததை என் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இடம் பார்த்தது நான் என்பதை இப்போதுதான் சொல்கிறேன். இரண்டு கன்றும் இடம் பார்த்த என் கண்ணால்தான் செத்தன, கையால் இல்லை. எல்லாரும் என் கையையே பார்த்ததால் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு கொட்டகை நகர்த்தும் முன்னால் ஒவ்வொரு முறையும் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டிப் பார்த்தேன். மழைக்காலத்தில் புல் முளைக்காத மேடு என்றால், எவ்வளவு காய்ந்திருந்தாலும், சேறே மேல் என்று விட்டுவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மாடு செத்தால் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பதற்கு முன்னால், அது நின்ற மண்ணைப் பாருங்கள்.