மூன்றாவது ஜன்னல்

அந்தக் கடைவீட்டின் மாடியில், தெருவிலிருந்து பார்த்தால் மூன்று ஜன்னல்கள். மாடியேறி உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு. முதலில் நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துக் கீழே இறங்கி, சாலையைக் கடந்து நின்று மறுபடி பார்த்தேன். மூன்றுதான். கடைசி ஜன்னலின் மரக்கதவு மட்டும் வெயிலில் வெளுத்து, ஆணியடித்தது போல மூடிக்கிடந்தது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பழைய வீடுகளை அளந்து, படம் எடுத்து, வரைபடம் போட்டு வைக்கும் ஒரு சின்னக் குழுவில் நானும் என் தோழியும் இருக்கிறோம். யாராவது வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே போய் இருப்பதை இருந்தபடி பதிவு செய்துவிடுவோம். வார நாட்களில் நான் பூன் லே பக்கம் ஓர் அலுவலகத்தில் தொழிற்கூடங்களுக்கு வரைபடம் வரைகிறவள். சனிக்கிழமை காலையில் மார்சிலிங்கிலிருந்து ரயிலேறி, லிட்டில் இந்தியா இருக்கும் தேக்காவுக்கு வந்தால் மாலைவரை அங்கேதான். தோழி ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். கேமரா அவள் பொறுப்பு.

வீட்டின் உரிமையாளர் எண்பதை நெருங்கிய பெரியவர். கீழே இருந்த கடையை மூடிவிட்டு, வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்களை அன்பாகத்தான் வரவேற்றார். ஆனால் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தார். நடந்து போகிற வயதான பெண்களின் கைகளையும் அப்படித்தான் பார்த்தார். தோழிக்கு அது பிடிக்கவில்லை.

"அங்கிள், மேல மூணாவது ஜன்னல் எங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டுதாம்மா" என்றார். தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன்னறையை அளந்தோம். வீட்டின் முகப்பு அகலத்தைவிட அறை ஏறக்குறைய ஓர் ஆள் கை நீட்டும் அளவு குறைவாக இருந்தது. வலப்பக்கச் சுவரைத் தட்டினேன். கல் சுவரின் சத்தம் இல்லை. வெறும் பெட்டியைத் தட்டியது போல இருந்தது. சுவரோரம் நின்ற அலமாரியை இருவரும் சேர்ந்து நகர்த்தினோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஓட்டை ஒன்று பலகையால் அடைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த மரச்சட்டம் தேய்ந்து, சோப்புத் துண்டு போல வழவழப்பாக இருந்தது.

"ஏய், நான் கீழ போறேன் லா" என்றாள் தோழி. ஆனால் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பிப் பார்த்தபோது பெரியவர் படிக்கட்டில் நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக வந்து அலமாரியில் சாய்ந்துகொண்டார்.

"ஜப்பான்காரன் காலத்துல அப்பா இந்தச் சுவத்த வச்சாரு. எங்க அக்காவுக்கு அப்ப பதிமூணு பதினாலு வயசு இருக்கும். சோல்ஜர்ஸ் வீடு வீடா ஏறி வருவாங்களாம். அக்காவ உள்ள வச்சு, சின்னக் கதவு ஒண்ணு, அதுக்கு முன்னால அலமாரி. வந்தவங்க யாரும் ஜன்னல எண்ணிப் பாக்கல."

"அப்புறம் சண்டை முடிஞ்சுதே?"

"முடிஞ்ச பெறகுதான் நானே பொறந்தேன். அக்கா வெளிய வரல."

தோழி கேமராவைக் கீழே இறக்கினாள்.

"யாரும் பூட்டி வைக்கலம்மா. தாழ்ப்பா உள்பக்கம்தான் இருந்துச்சு. அம்மா தெனமும் கூப்புடுவாங்க, 'எல்லாம் போயிட்டாங்க, வாடி'ன்னு. 'இன்னும் இருக்காங்கம்மா'ன்னு உள்ளேர்ந்து பதில் வரும். ராத்திரி வீடே தூங்கினதும் குளிக்க மட்டும் வருவாங்களாம். நான் பாத்ததே இல்ல. சாப்பாட்டுத் தட்டு வாங்க இந்த ஓட்டை வழியா ஒரு கை வரும். அந்தக் கைதான் எனக்கு அக்கா. எடது கை. சுண்டுவிரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்."

தனக்குப் பத்து வயதிருக்கும்போது, என்றார், ஒருநாள் காலையில் சின்னக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. வாசல் கதவும் திறந்திருந்தது. எங்கெங்கோ தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அப்பா அந்தக் கதவின்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்.

"ஏன் அங்கிள்?"

"திரும்பி வந்தா மறுபடி உள்ள போயிருவாளாம்."

ரயிலில் வீடு திரும்பும்போது தோழி, "முகமே தெரியாத ஆள எப்படித் தேடறது?" என்று கேட்டாள். உட்லண்ட்ஸில் இறங்கிப் போய்விட்டாள்.

புதுப்பிக்கும் வேலை தொடங்கிய வாரம் பெரியவரே தொலைபேசியில் அழைத்தார். சின்னக் கதவின் மேலிருந்த பூச்சைத் தட்டிவிட்டார்களாம், அளந்துகொள்ளச் சொன்னார். அவர் மாடிக்கு வரவில்லை. குனிந்துதான் நுழைய முடிந்தது. உள்ளே ஒரு பாய் விரிக்கும் இடம். சுவரில் எழுத்து இல்லை, கீறல் இல்லை. நான் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் கதவின் சாய்ந்த சட்டங்கள் வழியே வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. ஒரு சட்டம் மட்டும் இல்லை. அந்த இடைவெளிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எதிர்வரிசை அஞ்சடி முழுவதும் தெரிந்தது. பூ வாங்குகிறவர்கள், போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே அவ்வளவு இரைச்சல், உள்ளே எல்லாம் தணிந்து, தண்ணீருக்கடியில் கேட்பது போல வந்தது.

தோழி கூப்பிட்டது கேட்டது. "முடிஞ்சுதா?" என்றாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். கதவு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்லத் தோன்றவில்லை. பயமாக இருந்ததால் இல்லை, அங்கே மிகவும் நன்றாக இருந்தது. அவள் உள்ளே கைநீட்டி என் தோளைப் பிடித்து இழுத்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கீழே வந்ததும் பெரியவர் என்னைப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். "இனிமே உள்ள போகாதீங்கம்மா" என்றார்.

அந்தச் சுவர் பின்னாளில் வைத்தது, வீட்டோடு கட்டியது அல்ல, அதனால் இடித்துவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். மாடியை வாடகைக்குக் கேட்டவர்களுக்கும் பெரிய அறைதான் வேண்டியிருந்தது. எங்கள் குழுவுக்குள்ளேயே சிலர், முகப்பு காப்பாற்றப்பட்டால் போதும் என்றார்கள். நான் என் வரைபடத்தையும் தோழியின் படங்களையும் எடுத்துக்கொண்டு, பழைய கட்டடங்களைப் பார்வையிட வந்த அரசு அதிகாரியிடம் அந்த அக்காவின் கதையைச் சொன்னேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், நுழையவில்லை. உரிமையாளருக்கு என்ன விருப்பம் என்று கேட்டார்.

"சுவர் இருக்கட்டும்" என்றார் பெரியவர். "கதவு வேணாம்."

சுத்தியலை வாங்கி அந்தத் தாழ்ப்பாளை அவரே அடித்துக் கழற்றினார். அதற்கு நேரமாயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. கதவையும் தூக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வெறும் திறப்புதான், வெள்ளைச் சாயம் அடித்து, மூன்று ஜன்னல்களும் ஒரே பச்சையில்.

மாடியில் இப்போது ஒரு சின்ன விளம்பர நிறுவனம் இருக்கிறது. போன மாதம் படம் எடுக்கப் போயிருந்தோம். அங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்திக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். மதியச் சாப்பாட்டை எப்போதும் அந்தச் சின்ன அறையில்தான் சாப்பிடுகிறாளாம்.

"அங்க உக்காந்தா செம அமைதி, அக்கா. லஞ்ச் டைம் முடிஞ்சாலும் எழுந்து வரவே மனசு வராது" என்று சிரித்தாள்.

கீழே அஞ்சடியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேல எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்டார். இருக்காங்க அங்கிள் என்றேன். அந்தப் பெண் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.